18,000 ரூபாய்க்கு ஓர் எதிரொலி

தந்தை: வாருங்கள் டீச்சர், நல்ல வேளையாக வந்தீர்கள். பாட்டைக் காணோம். எதிரொலி மட்டும் வருகிறது.

ஆசிரியை: பாட்டே இல்லாமல் எதிரொலி எப்படி வரும் சார்?

தந்தை: ஹெட்போனை மாட்டி நீங்களே கேளுங்கள். பாப்பா கீபோர்டில் பியானோ ஒலியில் நன்றாகத்தான் வாசிக்கிறாள்; பதிவில் பேஸ் என்கிற கனத்த அடி ஒலி இல்லை, தாளம் இல்லை, கோயில் பிராகாரத்தின் மறுகோடியில் யாரோ வாசிப்பதுபோல் 'ஊ' என்று ஒரு சத்தம்தான் விழுந்திருக்கிறது. கீபோர்டின் ஒலியைக் கணினிக்குள் அனுப்புகிற இந்த இன்டர்ஃபேஸ் பெட்டி 18,000 ரூபாய் டீச்சர்.

ஆசிரியை: நான் விலையைக் கேட்கவில்லையே. போன வாரம் கீபோர்டின் யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகிவிட்டுச் சத்தம் வரவில்லை என்றீர்கள், அது என்ன ஆயிற்று?

தந்தை: திரையில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள் ஒழுங்காக வந்தன. கட்டம் வந்தால் சத்தமும் கூடவே வர வேண்டாமா?

ஆசிரியை: அது மிடி சார், 1983இல் வந்த ஏற்பாடு. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினாள், 127 வரையுள்ள கணக்கில் எத்தனை வேகமாக அழுத்தினாள், எப்போது விட்டாள் என்பதை மட்டும் அது குறித்துக்கொள்ளும். மொய் நோட்டைப் போல. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அதில் இருக்கும். நோட்டை உதறினால் பணம் விழாது.

தந்தை: பணம் விழட்டும் என்றுதானே 18,000 ரூபாய் கொடுத்து இதை வாங்கினேன்!

ஆசிரியை: சரி, இந்த 48 வோல்ட் பொத்தானை ஏன் அழுத்தி வைத்திருக்கிறீர்கள்?

தந்தை: சத்தம் போதவில்லையே, கொஞ்சம் கரண்ட் கொடுத்துப் பார்ப்போம் என்று அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பார்க்க மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஆசிரியை: அது, கரண்ட் கொடுத்தால்தான் வேலை செய்கிற கண்டென்சர் மைக்குக்குச் சாப்பாடு போடுகிற பொத்தான். உங்கள் கீபோர்டு சுவரிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறது. பக்கத்தில் 'இன்ஸ்ட்' என்றிருப்பது எலெக்ட்ரிக் கிதாருக்கு. இரண்டையும் அணையுங்கள்.

தந்தை: இரண்டையும் அணைத்தால் எரிவதற்கு விளக்கே இல்லையே டீச்சர். 18,000 ரூபாய்ச் சாமான் என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? போகட்டும், ஒரு சோதனை செய்துவிடலாம். பாப்பா, அழுத்து.

(பாப்பா 'சி' கட்டையை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.)

ஆசிரியை: கண்டுபிடித்துவிட்டேன். கீபோர்டின் ஹெட்போன் துளையிலிருந்து இன்டர்ஃபேஸின் ஒன்றாம் இன்புட்டுக்கு ஸ்டீரியோ பின் வைத்த ஒரே கேபிளை இழுத்திருக்கிறீர்கள்.

தந்தை: தங்க முலாம் பூசிய பின், டீச்சர்.

ஆசிரியை: முலாமின் மேல் குற்றமில்லை. அதில் இரண்டு கறுப்பு வளையங்கள் தெரிகின்றன, பாருங்கள். அவை பின்னை மூன்று துண்டாகப் பிரிக்கின்றன. கீபோர்டு இடது காதுக்கான ஒலியை நுனியிலும் வலது காதுக்கானதை நடுத்துண்டிலும் அனுப்புகிறது. இன்டர்ஃபேஸோ, ஒரே ஒலியைத்தான் ஒரு கம்பியில் நேராகவும் மறு கம்பியில் தலைகீழாகவும் அனுப்பியிருக்கிறார்கள், வழியில் ஒட்டிய இரைச்சல் மட்டுமே இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடுகிறது. ஆகவே இரண்டு காதுக்கும் பொதுவாக எது வந்தாலும் அதன் கணக்கில் இரைச்சல்தான். பேஸும் தாளமும் பெரும்பாலும் இரண்டு காதிலும் ஒன்றுபோல ஒலிப்பவை. ஐந்தில் ஐந்து போயிற்று. காதுக்குக் காது வேறுபட்டு ஒலிக்கிற எதிரொலி மட்டும் மிஞ்சியது.

தந்தை: 18,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டு கழிக்கிறதா?

ஆசிரியை: நீங்கள் கொடுத்ததைத்தான் சார் கழிக்கிறது. ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் காதுக்கு ஒன்றாக இரண்டு மோனோ பின்னும் உள்ள ஒய் கேபிள் சென்னை ரிச்சி தெருவில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும். மோனோ பின்களில் ஒன்றை முதல் இன்புட்டிலும் மற்றதை இரண்டாவதிலும் செருகுங்கள். அவள் பலமாக வாசிக்கும்போது ஒலியின் அளவைக் காட்டும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி, உள்ளே வரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைத் திருப்புங்கள். சிவப்பைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும்; கிழிந்ததைப் பிறகு தைக்க முடியாது.

தந்தை: 18,000 ரூபாய் இன்டர்ஃபேஸில் 200 ரூபாய்க் கேபிளைச் செருகுவதா? எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இன்னொரு சோதனை செய்வோம். பாப்பா...

(தந்தை சொல்லி முடிக்குமுன் 'சி' ஒலித்தது. அந்த ஒரு கட்டையில் மட்டும் ஸ்டிக்கரின் எழுத்து தேய்ந்து வெறும் வெள்ளையாகியிருந்தது. மற்ற ஸ்டிக்கர்கள் ஒட்டிய நாளில் இருந்த பளபளப்பு குறையாமல் இருந்தன.)

ஆசிரியை: இந்தச் சோதனை எத்தனை நாளாக நடக்கிறது?

தந்தை: ஐந்து வாரம் ஆகிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுக்கு அனுப்பும் வீடியோவில் ஒலி சுத்தமாக இருக்க வேண்டாமா?

ஆசிரியை: சார், அவர்கள் கேட்பது நடுவில் வெட்டி ஒட்டாமல் தொடர்ந்து எடுத்த ஒரு வீடியோ. உங்கள் சட்டைப் பையில் இருக்கிற செல்போனே அதற்குப் போதும். ஐந்து வாரமாக இந்தக் குழந்தை ஒரு பாட்டையாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசித்தாளா? முதல் கட்டையைத் தாண்ட அவளை விட்டீர்களா?

(மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. மீட்டரில் அதுவும் ஒரு கோடாக ஏறவில்லை என்பதைத் தந்தை கவனித்ததாகத் தோன்றியது.)

தந்தை: நீங்கள் சொல்வது சரிதான் டீச்சர். இன்றைக்கே போய் அந்தக் கேபிளை வாங்கி வந்துவிடுகிறேன். ஆனால் அந்த ஒய் கேபிளிலேயே விலை கூடியது ஏதாவது கிடைக்குமா?

ஆசிரியை: தாராளமாகக் கிடைக்கும். அப்படிக் கேட்டு வருகிறவருக்குக் கடைக்காரர் நாற்காலியே போடுவார்.

தந்தை: நாற்காலி போன தடவையே போட்டார் டீச்சர். காபியும் வந்தது.