1410-ஐ வரைந்தவர் வாழ்ந்த காலம்

போலந்து ஓவியர் யான் மத்தேய்க்கோவின் 'குருன்வால்ட் போர்' ஓவியத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, இந்தக் கவசம் அந்தக் காலத்துடையது இல்லை, அந்த ஆயுதம் அங்கே வர வாய்ப்பில்லை என்று யாராவது பிழை கண்டுபிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பிழை இருக்கிறது, சரி. ஆனால் 1410-இல் நடந்த போரை மட்டும் அதில் தேடுகிறவர்கள் ஓவியத்தில் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அவர் அதை வரைந்து முடித்தது 1878-இல். அப்போது உலக வரைபடத்தில் போலந்து என்றொரு நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் 1795-லேயே அதைப் பங்கு போட்டு முடித்துவிட்டன. 1863-இல் ரஷ்யாவை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தபோது மத்தேய்க்கோவுக்கு 24 வயது, உடம்பு ஒத்துழைக்காததால் சண்டைக்குப் போக முடியவில்லை, கிளர்ச்சிக்காரர்களின் முகாமுக்கு ஆயுதம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அப்புறம் 1871-இல் பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மன் பேரரசு உருவானது, அதன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் ஆட்சி போலிஷ் மொழியைப் பள்ளிக்கூடங்களிலிருந்து துரத்த ஆரம்பித்தது. அந்த வருடங்களில்தான் இந்த மனிதர், போலந்தும் லித்துவேனியாவும் சேர்ந்து ஜெர்மானிய டியூட்டானிக் வீரத்துறவிகளை முறியடித்த நாளை, ஏறக்குறைய 10 மீட்டர் அகலத் துணியில் வரைந்துகொண்டிருந்தார். மொழிக்காகப் போராடிய ஊரில் பிறந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா என்ன?

படத்தைத் திரையில் பெரிதாக்கிப் போலந்து மன்னர் யகெய்லோவைத் தேடிப் பாருங்கள். வலது பக்கம் பின்னால், ஒரு மேட்டின்மேல் சின்னதாக இருப்பார். நடுவில் சிவப்பு உடையோடு வாளை உயர்த்தி நிற்பவர் லித்துவேனியக் கோமகன் வித்தவுத்தாஸ். நாம் பார்க்கையில் அவருக்கு இடப்பக்கம், வெள்ளை அங்கியில், எதிரிப் படையின் தலைவர் உல்ரிச் ஃபான் யுங்கிங்கன் சாகப்போகிறார். யார் கையால் என்று பார்த்தபோதுதான் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விலங்குத் தோலைப் போர்த்திய ஒருவன் ஈட்டியோடு பாய்கிறான், தலைமூடி போட்ட இன்னொருவன் கோடரியை ஓங்குகிறான். இரண்டு பேருமே சாதாரணக் காலாட்கள், பளபளக்கும் கவசமோ குதிரையோ இல்லாதவர்கள். மன்னரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு இவர்களை முன்னால் கொண்டுவந்ததை, நாட்டைப் பறிகொடுத்த சனங்களைப் பார்த்து அவர் சொன்ன சேதியாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சேதி எதிர்த்தரப்புக்கும் எட்டியது. 1410-இன் தோல்வியை ஜெர்மானியர் மறக்கவே இல்லை. 1914-இல் ரஷ்யாவை வென்ற சண்டைக்கு, அந்தப் பழைய போருக்குத் தாங்கள் வைத்திருந்த டானன்பர்க் என்ற பெயரையே வேண்டுமென்று சூட்டினார்கள். 1939-இல் நாஜிகள் நுழைந்தபோது ஓவியத்தைச் சுருட்டி லுப்ளின் நகருக்குக் கொண்டுபோய் ஒளித்தார்கள் போலந்துக்காரர்கள், பிறகு மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். நாஜிகள் பெரிய பரிசு அறிவித்துத் தேடினார்கள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. 1944-இல் லுப்ளின் விடுபட்ட பிறகுதான் அதை வெளியே எடுத்தார்கள்.