ஸ்கேன் எடுத்தால் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

சேலத்து ஸ்கேன் மையங்களில் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாமே இன்று கணினித் திரையில்தான் விழுகின்றன. ஆனால் ஏற்காட்டிலிருந்து மலையிறங்கி வருகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரு பிலிம் உறையும் ரிப்போர்ட்டும் மட்டுமே. மையத்துக்கு டிஜிட்டல், நோயாளிக்குப் பழைய பிலிம் என்ற இந்த நிலை மாற வேண்டும் என்பதே என் கருத்து.

சி.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் பொதுவாக 12 பிட் அளவில், அதாவது 4096 சாயல்களில் பதிவாகிறது. அதனால்தான் ஒரே ஸ்கேனில் மருத்துவர் நுரையீரலைத் தனியாகவும் எலும்பைத் தனியாகவும் பார்க்க முடிகிறது. அதையே பிலிமில் அச்சிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், 256 சாயல்களுக்குள் சுருங்கிய நிழல்தான் மிஞ்சும். பார்க்கிற மருத்துவர் "மறுபடியும் எடுத்துவிடுங்கள்" என்றுதான் சொல்வார். மறுபடியும் செலவு, மறுபடியும் கதிர்வீச்சு.

காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்த என் பெரியப்பாவின் நுரையீரலில் ஒரு சிறு புள்ளி தெரிந்தபோது, மருத்துவர் முதலில் கேட்டது பழைய படத்தைத்தான். இரண்டு ஆண்டுகளாக வளராத புள்ளி என்றால் புற்றுநோய் பயம் வெகுவாகக் குறைந்துவிடும். டிரங்குப் பெட்டியிலிருந்த பிலிம்கள் மலையின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தபோது மார்புப் பகுதியின் பூச்சு உரிந்து அடுத்த பிலிமோடு போய்விட்டது. படமெடுத்த மையத்தில் கேட்டால், அப்படி ஒரு பெயரே இல்லை என்றார்கள்.

பெயர் இருந்திருக்கும், வேறு வடிவில். மருத்துவப் படங்களைக் கணினியில் சேமிக்கவும் பரிமாறவும் உள்ள பொதுத் தரம் டைகாம் (DICOM). 1993-இல் வெளியான அந்தத் தரத்தில் குடும்பப் பெயர் முதலிலும் சொந்தப் பெயர் அடுத்தும் வர வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார், மூன்றாமவர் விட்டேவிடுவார். ஒரே மனிதர் கணினியில் மூன்று பேராகிவிடுகிறார். பெயரை நம்பாமல், மத்திய அரசின் சுகாதாரக் கணக்கான 14 இலக்க ஆபா (ABHA) எண்ணையோ மையமே தரும் நிலையான எண்ணையோ ஒவ்வொரு முறையும் பதிவது ஒன்றே இதற்கு வழி.

படங்களைக் குறுந்தகட்டில் கொடுத்தால் அதைப் படிக்க இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் டிரைவ் இல்லை, நூற்றுக்கணக்கான எம்.பி. கொண்ட லிங்க் கொடுத்தால், சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைக் கிராமத்தில் இறங்காது. பென்டிரைவில் மூலக் கோப்பை, அதாவது டைகாம் கோப்பாகக் கேளுங்கள். சேமிப்புச் செலவு மையங்களுக்குச் சுமைதான், மறுக்கவில்லை. அப்படியானால் படத்தை எந்தத் தேதிவரை வைத்திருப்பார்கள் என்பதை ரசீதிலேயே அச்சிடட்டும். அதற்குள் நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம்.