அந்தப் பாலம் மரண ரயில் பாதையில் இல்லை

பர்மா ரயில் படங்களைப் பார்த்து "இது எந்த இடம்?" என்று கண்டுபிடிக்கும் ஆர்வம் நம் ஆட்களிடம் வளர்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஆழமான பள்ளத்தாக்கு, உயர உயரமான இரும்புக் கால்கள், மேலே மெதுவாக ஊர்ந்து போகும் ரயில். இந்தப் படம் வந்தால் போதும், "சயாம் மரண ரயில்" என்று, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட பாதை என்று, எழுதிவிடுகிறார்கள்.

அது கோட்டெய்க் பாலம். மாண்டலேயிலிருந்து மேமியோ வழியாக லாஷியோ போகும் பாதையில், ஷான் மலைகளில் இருக்கிறது. 1900 வாக்கில் அமெரிக்க நிறுவனம் கட்டியது. நீளம் 689 மீட்டர், உயரம் 102 மீட்டர். மரண ரயில் வேலை ஆரம்பித்தது 1942இல், அதுவும் இந்தப் பாலத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே.

மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். பர்மா முனை தன்பியூசயாட். நான் இருக்கும் மௌல்மீனுக்குத் தெற்கே. 1943 அக்டோபரில் இரண்டு பக்கத் தண்டவாளங்களும் இணைந்தன. அதில் பெரும்பாலான பாலங்கள் மரத்தால் ஆனவை. எல்லோரும் அறிந்த குவாய் இரும்புப் பாலம் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கிறது. பர்மா பக்கத் தண்டவாளத்தைப் போருக்குப் பிறகு பெயர்த்துவிட்டார்கள். ஆகவே இன்றைய பயணிகள் ரயில் ஓடுகிற எந்தப் பர்மா பாலமும் அந்தப் பாதையாக இருக்கவே முடியாது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அந்தப் பாதையில் செத்தது நம் சனம். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் போனார்கள். தன்பியூசயாட் போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகளுக்கு 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகள், வரிசை வரிசையாக. நம்மவர்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை. அவர்கள் கிடந்த இடத்தையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா? அழகான வேறு பாலத்தின் மேல் அவர்கள் சாவை எழுதி ஒட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

அதனால் என் வேண்டுகோள்: ஊர்ப் பெயரோடு காரணத்தையும் எழுதுங்கள். தண்டவாளம் ஒற்றையா இரட்டையா என்று பாருங்கள். ரங்கூன்–மாண்டலே பாதை இரட்டை. ரயில் பெட்டியில் ஜப்பானிய எழுத்து தெரிகிறதா? அதை வைத்து இடம் சொல்லாதீர்கள். ஜப்பானில் ஓடி முடித்த பழைய பெட்டிகள் இங்கே வந்து ஓடுகின்றன, எழுத்தையும் பல பெட்டிகளில் அழிக்கவில்லை. மலையில் ரயில் முன்னும் பின்னுமாக ஏறுகிற படம் என்றால் உடனே மேமியோ என்று முடிவு கட்ட வேண்டாம். தாசியிலிருந்து கலாவுக்கு ஏறும் பாதையிலும் அப்படித்தான்.

சில படங்களில் இடம் தெரிந்தால் காலமும் தெரிந்துவிடும். மாண்டலேக்கு அருகே, சகாயிங் பக்கத்தில் ஐராவதி ஆற்றின் மேல் இருந்த ஆவா பாலம் 1934இல் திறந்தது. 1942இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதை உடைத்தது, 1954இல்தான் திரும்பச் சரிசெய்தார்கள். அருகில் வளைவு வளைவாகப் புதுப் பாலமும் தெரிந்தால் படம் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டும் முழுசாக நிற்கின்றன என்றால் 2025 மார்ச் நிலநடுக்கத்துக்கு முந்தியது, ஏனென்றால் அதில் பழைய பாலம் இடிந்து விழுந்தது. இப்படி ஒரே படத்திலிருந்து தாத்தா எந்த ஆண்டுவாக்கில் அங்கே நின்றார் என்பது வரை போய்விடலாம்.

அப்புறம், இப்போது எடுத்த பாலப் படங்களுக்கு, முக்கியமாகக் காவல் இருக்கும் பாலங்களுக்கு, இடம் சொல்லவே வேண்டாம். நாட்டில் சண்டை நடக்கிறது. படம் எடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரும்.

பழைய குடும்பப் படங்களைப் போடும் அக்கா, அண்ணன்மார் தயவுசெய்து முகம் மட்டும் தெரிய வெட்டிப் போடாதீர்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகை, சிக்னல், மைல் கல் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். தன்பியூசயாட், யே ஊர்கள் பக்கம் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள். அங்கே போய்ப் பார்த்து ஒப்பிட நான் தயார்.