கருஞ்சிறுத்தை வேறு இனமல்ல

மஸ்கெலியாப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. தேயிலை மலையில் தெரியும் கருஞ்சிறுத்தை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு இனமாம். தவறு. அது நம் இலங்கைச் சிறுத்தையேதான். கறுப்புக்குக் காரணம் ஒடுங்கு மரபணு. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் அந்த நிறம் வெளிப்படும். ஆகவே புள்ளிச் சிறுத்தைச் சோடி இரண்டுமே அந்த மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குட்டியும் கறுப்பாகப் பிறக்க 4இல் 1 வாய்ப்பு. வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், கரிய மயிருக்குள் அதே வளையப் புள்ளிகள் மங்கலாகத் தெரியும்.

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? சுருக்குக் கம்பிக்கு. 2020 மே மாதம் நல்லதண்ணி என்ற ஊரில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை, மீட்டும் சில நாட்களில் இறந்தது. மரக்கறிப் பாத்தி ஓரம் பன்றிக்கு வைத்த கம்பியைக் கண்டால், வனசீவராசிகள் அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள்.