கிளாரினெட் வித்வானை மைக்கில் அப்படியா கூப்பிடுவது?

சனிக்கிழமை நம் சேலத்து விழா மேடையில் நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். தோடி ராக ஆலாபனை பாதியில் இருக்கிறது. மைக்கைப் பிடித்தவர், "பேண்டு வாத்தியத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா, தலைவர் வந்துட்டார்" என்கிறார். வித்வான் ஒன்றும் பேசாமல் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொள்கிறார். வயசான மனிதர்.

அது பேண்டு வாத்தியம் இல்லை. கச்சேரி வாத்தியம். வாசித்தவர் வித்வான்.

திருச்சி ஏ.கே.சி. நடராஜன் வாசித்ததும் இதே கிளாரினெட்தான். வாய்ப்பாட்டும் நாகஸ்வரமும் கற்றவர் அவர். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையே அவரை 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்றார். 2008-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது, 2022-ல் 90 வயதில் பத்மஸ்ரீ. அவரையும் இப்படித்தான் கூப்பிடுவீர்களா?

"வெளிநாட்டு வாத்தியம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று என் முந்தைய பதிவைப் பார்த்து ஒருவர் கேட்டிருந்தார். வயலின் எங்கிருந்து வந்தது ஐயா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் பாட்டுக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? கிளாரினெட்டும் 19-ஆம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிக்குள், அதாவது அன்றைய பரதநாட்டியக் கச்சேரிக்குள், வந்துவிட்டது. சின்ன நாகஸ்வரம் போன்ற முகவீணை இருந்த இடத்தில் உட்கார்ந்தது. இன்னும் எத்தனை காலம் இருந்தால் அது நம்முடையது ஆகும்?

அதில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் பெரியப்பா அம்மாப்பேட்டைத் திண்ணையில் உட்கார்ந்து விடியற்காலையில் கிளாரினெட்டில் சாதகம், அதாவது பயிற்சி, செய்வார். சாவியைத் தட்டினால் சுரம் துண்டு துண்டாகத்தான் விழும். விரலைத் துளைமேல் மெல்ல வழுக்கி, ரீடின்மேல் உதட்டு அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, காந்தார சுரத்தை அசைத்துக் கொண்டுவர வேண்டும். ராகத்தின் ஒரே பிடியைக் காலை முழுக்க வாசிப்பார். எங்களுக்கு அலுத்துவிடும், அவருக்கு அலுக்காது.

ஆடிப் பண்டிகை சாமி ஊர்வலத்தில் அதே மனிதர் ராத்திரி முழுக்க நடந்துகொண்டே வாசிப்பார். கல்யாண வீடுகளில் அவருக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை. பேசிய தொகையிலும் கிளம்பும்போது குறைப்பார்கள். "விடுடா, வாசிச்சது நல்லா இருந்துச்சா, அதைச் சொல்லு" என்பார். நான் விடவில்லை. இன்றைக்கும் விட முடியவில்லை.

தலைவர் வந்தால் நிறுத்தத்தானே வேண்டும் என்கிறார்கள். சரி, நிறுத்துங்கள். அருகில் போய், "ஐயா, கொஞ்சம் முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லையா? மைக்கில்தான் சொல்ல வேண்டுமா? நாகஸ்வரக்காரர்களை மட்டும் நன்றாகவா நடத்துகிறோம் என்றும் ஒருவர் கேட்டார். இல்லைதான். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பொன்னாடைக்குச் செலவழிக்கிற காசில் பாதியை வாசிக்கிறவர் கையில் கொடுங்கள். பெயரைச் சரியாகக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு மைக்கைத் தொடுங்கள். முதல் பந்தியில் உட்கார வையுங்கள். இதற்குச் சங்கீத ஞானம் எதுவும் வேண்டாம்.

விழாக் குழுவில் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பதிவை எடுத்துவிடச் சொல்லிக் காலையிலிருந்து போன் வருகிறது. எடுக்க மாட்டேன். அந்த வித்வான் வீட்டுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகு பேசலாம்.