பாட்டு முடியும் முன்னமே ‘சுப்பர்’ போடாதீர்கள்

மூன்று கிழமையாக நெஞ்சுக்குள் கிடந்து கொதிக்கிறது. இன்றைக்கு எழுதியே தீரவேண்டும்.

வன்னியில் விசுவமடுப் பக்கத்துப் பெடியன் ஒருவன், எனக்குத் தம்பி முறை. மேசன் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு, அம்மா சீட்டு எடுத்த காசு எல்லாவற்றையும் போட்டு எட்டுப் பாட்டில் ஒரு இசைத்தொகுப்பு செய்தான். வரி, மெட்டு, குரல் எல்லாம் அவனுடையது. யாழ்ப்பாணத்தில் மணித்தியாலக் கணக்குக்கு ஸ்டூடியோ எடுத்தான். நானும் கூடப் போனேன். மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். வேர்வை ஒழுக ஒழுக நாலாவது பாட்டை மட்டும் பதினொரு தரம் பாடினான். அருவி வெட்டு, அதுதான் நெல் அறுவடை, அந்தப் பாட்டுக்குத் தாளம் என்ன தெரியுமா? அவனுடைய அம்மா முற்றத்தில் இருந்து சுளகால் நெல்லுப் புடைக்கிற சத்தம். விடியப்புறம் போனில் பதிந்து வைத்திருந்தான். ஹெட்போனில் அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்ச நேரம் கதை வரவில்லை.

சரி, பாட்டு வெளியில் வந்தது. சனம் என்ன செய்தது?

வட்ஸ்அப்பில் 7.02க்கு அனுப்பினால் 7.02க்கே ‘சுப்பர் தம்பி, வாழ்த்துகள்’ என்று பதில் வருகிறது. பாட்டு ஐந்தரை நிமிடம்! அதைத் திறக்காமலே வாழ்த்துவதற்குப் பேசாமல் இருந்திருக்கலாமே. திறந்தவர்களில் பாதிப் பேர் ‘எந்தப் படம்?’ என்று கேட்கிறார்கள். சுளகுச் சத்தத்தை ‘ஒரே இரைச்சலாக் கிடக்கு’ என்றார் ஒருவர். கோயில் திருவிழாவில் ஒரேயொரு பாட்டுக்கு இடம் கேட்டான். ‘சினிமாப் பாட்டெண்டால் ஏறும்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

வெளிநாட்டில் இருந்து ஒருவர் எடுத்துக் கதைத்ததுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. ‘சண்டையைப் பற்றி ஒண்டும் இல்லையே தம்பி? வன்னிப் பெடியன் எண்டால் அதையெல்லோ பாடவேணும். சனம் அழவேணும்.’ சண்டை முடிந்த 2009இல் அவனுக்கு ஒன்பது வயது. அவன் கண்டது அவனுக்குத் தெரியும். அதை எப்போது பாடுவது, பாடாமலே விடுவதா என்பது அவன் பாடு. ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காக இருட்டோடு றோட்டில் நிற்கிற பெட்டையைப் பற்றிப் பாடினான். இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த இரவைப் பாடினான். நுண்கடன் அறவிட வருகிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சுக் காட்டாமல் இருக்கிற வீட்டைப் பாடினான். இதெல்லாம் வன்னி இல்லையா? எங்களுக்குக் கண்ணீரை விட்டால் வேறு குரலே கிடையாதா?

தன் பாட்டைத் தானே கட்டிப் பாடுவது இந்த மண்ணுக்குப் புதினமும் இல்லை. அருவி வெட்டுக்கு ஒரு சிந்து, பன்றிக்கு ஒரு பள்ளு, குருவிக்கு ஒரு பள்ளு என்று வயலில் நின்றே கட்டிப் பாடின சனத்தின் பேரப்பிள்ளைகள்தான் நாங்கள். அவர்களிடம் யாரும் எந்தப் படம் என்று கேட்கவில்லை.

அவன் கித்தார் பழகியது அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மனைக் கேட்டுக் கேட்டு. 1988இல் அந்தப் பெண்ணின் முதல் இசைத்தொகுப்பு வந்தது. அதே வருடம் ஆனி மாதம் லண்டன் வெம்பிளியில் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாள் கச்சேரி. பாடகர் ஸ்டீவி வொண்டரின் இசைக்கருவிக்குரிய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதால், முன்னமே பாடி முடித்திருந்த ட்ரேசியைத் திரும்பவும் மேடைக்கு அனுப்பினார்கள். பின்னணி வாத்தியம் இல்லை, ஆட்டக்காரர் இல்லை. ஒரு கித்தாரும் ஒரு குரலும் மட்டும். அந்தப் பெரிய சனம் கேட்டது. தொகுப்பு அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடத்துக்குப் போனது. அடுத்த வருடம் மூன்று கிராமி விருது. அதில் இருந்த ஒரு பாட்டை 2024இல் கிராமி மேடையில் அவர் பாட, அது திரும்பவும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. இதை என்னிடம் சொல்லும்போது அவன் விருதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. ‘அண்ணை, அவ்வளவு சனமும் கேட்டுது’ என்றான், அவ்வளவுதான்.

போன கிழமை புதுக்குடியிருப்பில் இருந்து பரந்தனுக்கு மினிபஸ்ஸில் வந்தேன். பெடியனின் பாட்டுகள் இருந்த பென்டிரைவை டிரைவரிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். அருவி வெட்டுப் பாட்டு. சுளகு இரண்டு தரம் தட்டி, குரல் எழும்பி, முதல் சரணம் தொடங்கியது. தர்மபுரத்துக்குக் கிட்ட வர டக்கென்று நிறுத்திவிட்டுக் குத்துப் பாட்டுக்கு மாற்றினார். முன் சீட்டில், மடியில் பாலைப்பழப் பையோடு இருந்த வயதான அம்மா கேட்டா, ‘ஏன் தம்பி நிப்பாட்டினனீர்? அந்தப் பிள்ளை இன்னும் பாடி முடிக்கேல்லையே.’

டிரைவர் திரும்பியும் பார்க்கவில்லை. பரந்தன் வரும்வரைக்கும் அந்தக் குத்துதான்.