சோற்றுக்குச் சேர்ந்தோம், வீட்டுக்கு எப்போது?

2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் யாரும் யாரிடமும் மதம் கேட்கவில்லை. செய்துங்கநல்லூர் பள்ளிவாசலில் இந்துக் குடும்பங்கள் தங்கிச் சாப்பிட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் பொங்கிப் போட்டார்கள். இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லலாம். தண்ணீர் வடிந்ததும் ஆற்றோரத்து ஆட்கள் எங்கே போனார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அதே வீட்டுக்குத்தான் போனார்கள். திருநெல்வேலியில் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் பக்கத்துப் பழைய வளவுகளுக்குள் போய்ப் பாருங்கள். நடுவில் நீளமாய் ஒரு முடுக்கு, எல்லாருக்கும் ஒரு குழாய், இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள். முன்கூடமாய் ஒரு தார்சா, ஒரு அடுக்களை, முடிந்தது. ஊறிய சுண்ணாம்புச் சுவர் வெள்ளையடித்தாலும் உப்புப் பூத்து உதிர்கிறது. பீரோவுக்கு அடியில் நாலு செங்கல் கொடுத்து உயர்த்தியிருப்பார்கள். கேட்டால், “அடுத்த தண்ணிக்கு இருக்கட்டும்” என்பார்கள்.

காலி செய்தால் என்ன என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். ஒத்திக்குக் கொடுத்த பணத்தை வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டும். அப்புறம் மேட்டுப் பக்கம் வீடு தேட வேண்டும். அங்கே வாடகையைச் சொல்வதற்கு முன்னால் “நீங்க என்ன ஆளுக?” என்ற கேள்வி வரும். வெள்ளத்தில் கேட்காத கேள்வி வாடகைக்கு வந்தால் உடனே வந்துவிடுகிறது.

அரசுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஆனால் அது கிராமத்துக் குடிசைக்காரர்களுக்கு, அதுவும் சொந்தப் பட்டா இருந்தால். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் நாமே கட்டிக்கொள்ளும் பிரிவுக்கும் நம் பேரில் இடம் வேண்டும். கடைசியில் எல்லாம் காலடி மண்ணில் வந்து நிற்கிறது. அந்த மண்ணை வாங்கித் தருவதில்தான் கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றும் ஒன்றாக இறங்க வேண்டும் என்கிறேன்.

இது மதத்தின் வேலையா? நம் சீமையில் அது பழைய வேலை. சாத்தான்குளம் பக்கத்து முதலூர், 1799-ல் ஊரில் இருக்க விடாமல் விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்கென்று இடம் வாங்கி உருவாக்கிய ஊர். 1830-ல், திருநெல்வேலியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி இரேனியஸ் காலத்துத் தர்ம சங்கமும் இப்படி இடம் வாங்கிக் குடியமர்த்தத்தான் தொடங்கியது. நல்ல காரியம்தான், ஆனால் அவரவர் ஆட்களுக்கு மட்டும். இன்று அது போதாது.

அமெரிக்காவில், நியூயார்க்கின் கிழக்குப் புரூக்ளினில் 1980களில் பல பிரிவுகளைச் சேர்ந்த திருச்சபைகள் சேர்ந்து வேறு மாதிரி செய்தன. நகராட்சியிடம் பாழடைந்து கிடந்த இடத்தை வாதாடி வாங்கின, வட்டியில்லாக் கடனுக்கு நிதி திரட்டின, வரிசை வீடுகளைக் கட்டி எளியவர்களுக்கு விற்றன. பைபிளில் எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவின் பெயரை அந்தத் திட்டத்துக்கு வைத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது பணமில்லை, பேரம். நகராட்சியின் முன்னால் கையேந்தாமல் உட்கார்ந்து பேசினார்கள்.

இங்கே அது எப்படி நடக்கும்? கோயில் நிலத்தையோ வக்பு நிலத்தையோ விற்கச் சொல்லவில்லை. விற்கவும் கூடாது. கோயில் இடத்தை ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவே ஆணையர் அனுமதி வேண்டும். அந்தக் கெடுபிடி இருப்பதால்தான் மிச்ச நிலமாவது இருக்கிறது. நான் கேட்பது, திங்கட்கிழமை மனுநாளில் ஜமாஅத் தலைவரும் பாஸ்டரும் கோயில் தர்மகர்த்தாவும் வீட்டுமனை கேட்டு ஒரே மனுவைப் பிடித்துக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் நிற்பதை. தனித்தனியே போனால் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு கட்சிச் சாயம், ஒரு சாதிச் சாயம் பூசிவிடுவார்கள். மூன்று பேரும் சேர்ந்து போனால் எந்தச் சாயத்தைப் பூசுவார்கள்? வெள்ளத்தில் கலெக்டர் ஆபீஸே தண்ணீரில் நின்றது. விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கோயில் கொடை, சர்ச் அசனம், தர்கா கந்தூரி என்று ஊர் முழுக்க வரி பிரிக்கவும் பந்தி போடவும் தெரிந்த ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வளவு வளவாகப் போய் அந்த மனுவோடு வைக்க ஒரு பட்டியல் எடுக்க அவர்களுக்கு எத்தனை நாளாகும்? யார், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், கையில் என்ன காகிதம், தண்ணீர் எந்த உயரம் வந்தது, இவ்வளவு போதும். மதம் என்ற கட்டம் வேண்டாம். சாதிக் கட்டமும் வேண்டாம் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் ஆதிதிராவிடர் நலத்துறைப் பட்டாவுக்குச் சாதிச் சான்று கேட்பார்கள். அதைத் தனித் தாளில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.